பாதிக்கும் கம்மி

ஸ்கேன் மேஜையில் படுத்திருந்த மாமாவிடம் மைக்கில், "மூச்ச புடிங்க மாமா" என்றேன். மாமா என் அக்காவின் கணவர். மலைமேல் இருக்கும் கரியாலூரில் மரவள்ளி மூட்டைகளைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவது அவர் வேலை. மேடு ஏறினால் நெஞ்சைப் பிசைகிறது என்று சொன்னவரை, நான் டெக்னீஷியனாக இருந்த கள்ளக்குறிச்சி ஸ்கேன் சென்டருக்கு நானேதான் வரவழைத்தேன். மூச்சை விடச் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டே கிடந்தார். அவ்வளவு பயம் அவருக்கு.

திரையில் இதய ரத்தக்குழாய் வந்தபோது ஓரிடத்தில் அதன் சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. சுவருக்குள் கருப்பாகக் கொழுப்பு. அதை மூடியிருக்க வேண்டிய தோல் படத்தில் பிடிபடவே இல்லை, அவ்வளவு மெல்லிசு. ஆனால் ரத்தம் போகும் வழி நன்றாகவே திறந்திருந்தது. ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம் அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். "அடைப்பு பாதிக்கும் கம்மி. எழுதியாச்சு. நீ அடுத்த ஆளக் கூப்புடு" என்றார். எங்கள் படிவத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டம், அடைப்பு எத்தனை சதவீதம் என்று. கொழுப்பு எப்படிப்பட்டது, தோல் தாங்குமா, இல்லை கிழிந்து அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுமா என்றெல்லாம் எழுத இடமே கிடையாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் கையில் கிடைத்தால் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன்.

அவன்மேல் மட்டும் கொட்டிவிட்டு நான் நழுவவும் முடியாது. எங்கள் பக்கம் அடைப்பைப் பரீட்சை மார்க் மாதிரிதான் கேட்பார்கள். பாதிக்கு மேல் போனால் பயம், கீழே இருந்தால் பாஸ். வெளியே உட்கார்ந்திருந்த மாமா, "இன்னா மாப்ள, எத்தினி பர்சன்ட்டு?" என்றார். "கம்மிதான் மாமா, பாஸாயிட்டீங்க" என்று சிரித்தேன். கண்ணால் பார்த்ததை விழுங்கிவிட்டு, கட்டத்தில் இருந்ததைச் சொன்னேன். சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரமே வேலைக்குப் போய், தோளில் மூட்டையோடு சரிந்தார். மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறேன். ஸ்கேன் படத்தை வைத்து ரத்தக்குழாயைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அழுத்தம் ஏறும்போது கொழுப்பின் மேல்தோல் எங்கே கிழியும் என்று கணக்குப் போடுகிறோம். மாமாவின் படத்தையும் போட்டுப் பார்த்தேன். யாரிடமும் கேட்காமல் போட்டது தப்புதான். அன்று டாக்டரிடம் நான் காட்டிய இடம்தான், கிழியும் இடம் என்று திரையில் சிவப்பாக எரிந்தது.

படத்தை ஆராய்ச்சியில் சேர்க்க அக்காவின் கையெழுத்து வேண்டும். போன மாதம் லேப்டாப்போடு கரியாலூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அன்று நான் பார்த்ததையும் சேர்த்து. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இதுக்குக் கம்ப்யூட்டரு எதுக்குடா? நீதான் அன்னிக்கே பாத்துட்டியே. மூட்ட தூக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டுக்கினு வூட்லயே இருந்திருப்பாரு."

இருந்திருப்பார். என் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை.