ஜன்னல் விளிம்பில் ஒரு கை

வீடு வீடாகப் போய், இதயம் தளர்ந்த முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் அவள். தோளில் எந்நேரமும் எடை மெஷின் தொங்குவதால் தெருவில் அவளுக்குத் தராசக்கா என்றே பேர். தளர்ந்த இதயம் உடம்பில் நீரைத் தேக்கிவிடும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது எடைதான். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அவள் சும்மா இருக்கமாட்டாள்.

அவள் பார்த்துவந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கோ நான்கு நாளாக அதே அறுபத்தெட்டு கிலோ. ஆனால் செருப்பு காலில் நுழையவில்லை. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. மூச்சு முட்டாமல் படுக்க அவர் வைத்துக்கொள்ளும் இரண்டு தலையணை நான்காகியிருந்தது.

"இன்னொரு தடவை ஏறுங்க ஐயா."

ஏறினார். இடது கை ஒன்றும் தெரியாதது போல ஜன்னல் விளிம்பில் போய் உட்கார்ந்தது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய கை, மூன்று கிலோவைத் தாங்காதா என்ன?

வேறொருத்தியாக இருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள். இவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு பயப்படுறீங்க?"

"எடை ஏறுச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவீங்க. என் சம்சாரம் அப்படிப் போனவதான். கடைசியில கையப் பிடிச்சுக்கக்கூட விடல. நான் இங்கேயே இருந்துக்கிறேம்மா."

கதவோரம் நின்ற மகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "வீட்டுல வச்சு ஏதாவது ஆச்சுன்னா, சிஸ்டர்?"

"ஆகும். இந்த இதயத்தை இனி சரி பண்ண முடியாது. மூச்சு முட்டாம பாத்துக்கலாம். அத இங்கேயே செய்யலாம்."

மழுப்பாமல் சொன்ன அந்த வாய்க்கே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். அவர் விருப்பத்தை அங்கேயே தாளில் எழுதி, கையெழுத்தும் வாங்கினாள்.

"இப்ப ஏறுங்க."

இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஏறினார். விழுந்தால் பிடிக்க மகன் தன் கைகளை அவர்மேல் படாமல் சுற்றி வைத்துக்கொண்டான். எழுபத்தொன்று.

"உண்மை கனமாத்தான் இருக்கு," என்றார் டிரைவர்.

டாக்டரிடம் போனில் அந்த எண்ணைச் சொல்லி, நீர் இறங்கும் ஊசியை வீட்டிலேயே போட்டாள். மூன்றாம் நாள் செருப்பு நுழைந்தது. தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து ஊரை வாங்கியவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஆறாவது வாரம் அவரால் நிற்க முடியவில்லை. தராசக்கா மெஷினைக் கொண்டுவரவில்லை. மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தை மட்டும் கொண்டுவந்தாள். மறுநாள் காலை, அதே ஜன்னலோரம், திணறாமல் போய்ச் சேர்ந்தார். அப்போது அந்த இடது கை மகனின் கைக்குள் இருந்தது.