சாணி தெளிச்ச ஏரியில வெள்ளைக் காரு

எங்க வூட்டு வெள்ளைக் காரு இப்ப நண்டு மாதிரி போவுது. மூஞ்சி கெழக்க பாக்கும், வண்டி தெக்க போவும். அதுக்கு டிரிஃப்ட்டுன்னு பேராம். ஊரே சிரிக்குது. சிரிச்சிட்டுப் போவட்டும், எனக்கு அத்தப் பாத்தா வவுறு நெறஞ்சுடுது.

அந்தக் காருலதான் என் புள்ள அவங்கப்பாவ மலையிலருந்து எறக்கிக்கினு வந்தான். எங்கம்மா வூடு கல்வராயன் மலை மேல. சாமை அறுப்புக்குப் போயிருந்தோம். புதுச் சாமைச் சோத்துல மொச்சக்கொட்டக் கொழம்ப ஊத்தித் தின்னா, அடடா, அத்த இப்ப எதுக்குச் சொல்றேன். விடிஞ்சதும் எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துடுச்சு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஒவ்வொரு வளைவுலயும், "மெதுவா போடா, கொடலு பெரட்டுது"ன்னாரு. இவனும் மெதுவா போனான். மலை எறங்கி முடிக்கறதுக்குள்ள என் மடியிலயே போய்ட்டாரு.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா"ன்னு டாக்டரு சொன்னாரு. என் புள்ள காதுல அது ஏறல. அவன் மெக்கானிக்கு. அன்னிலருந்து ஊரு காரையெல்லாம் ரிப்பேர் பண்ணுவான், ஓட்டிப் பாக்கறதுக்கு மட்டும் வேற ஆளக் கூப்புடுவான். ஸ்டேரிங்கத் தொட மாட்டான். பொணம் வந்த வண்டின்னு எங்க கார வாங்கவும் ஆளு வரல. வேப்ப மரத்தடியிலயே நின்னுச்சு. உள்ள கோழி முட்ட வெச்சுது.

ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாளு அதோட பின் சீட்டப் புடுங்கி வெளிய போட்டான்.

"இன்னாடா பண்ற?"

"வேற மாதிரி ஆக்கப் போறேம்மா."

கதவுக் கண்ணாடியக் கழட்டுனான். பின் அச்சுக்குள்ள இருக்கிற பல் சக்கரத்த வெல்டு வெச்சு ஒண்ணாக்குனான். அப்பதான் ரெண்டு சக்கரமும் சேந்து சுத்தி வழுக்குமாம். கை பிரேக்குக்கு முட்டி ஒசரத்துல ஒரு கம்பி வெச்சான். என் மருமவ தலையில அடிச்சிக்கினா.

"அத்தே, ரோட்டுலயே போவாத காருக்கு இவ்ளோ வேலையா? உங்க புள்ளைக்கு மந்திரிச்சுக் கட்டுங்க."

அவன் நிமிரவே இல்ல. "இத்த வெச்சிக்கினு எந்த ஊருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேணாம். இதுன்னா ஓட்டிடுவேன்னு தோணுது"ன்னான்.

நான் உள்ள போயி டீ போட்டுக் குடுத்தேன்.

சித்திரையில ஏரி வத்திக் கெடந்துது. பழைய டயர வட்டமா வெச்சு, நாளைக்குக் காலையில ஓட்டப் போறேன்னான். நான் விடியறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கெட்டத் தூக்கிக்கினு போய்ட்டேன். நல்ல காரியம்னா தெளிக்காம எப்டி? நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதான், அதுக்காவ சாணி தெளிக்காம இருப்பமா? புழுதியும் அடங்குமேன்னு, வண்டி திரும்பற எடமெல்லாம் கெட்டியா கரைச்சுத் தெளிச்சேன். ஏரி மண்ணு களிமண்ணு. அது எண்ணெ மாதிரி வழுக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

வந்தான், உள்ள குந்தினான். ரொம்ப நேரம் ஸ்டேரிங்குல கைய வெச்சிக்கினு சொம்மா இருந்தான். மருமவ என் கையப் புடிச்சிக்கினா. காரு கெளம்புச்சு. வளைவுல கம்பிய இழுத்தான். சர்ருன்னு சுத்துச்சு பாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு சுத்து! கதவு வழியா சாணி பறந்து அவன் மூஞ்செல்லாம் அப்பிடுச்சு. வண்டி நின்னுபோச்சு.

இத்தோட வண்டியையே உட்டுடுவான், நானே கெடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு ஓடினேன். தலைய ஸ்டேரிங்குல சாச்சிக்கினு குலுங்குறான். அழுவுறானா சிரிக்கிறானான்னு தெரியல. ரெண்டும்தான்.

"எம்மா, எவன் இங்க சாணி தெளிச்சான்?"

"நான்தாண்டா. நல்ல காரியமாச்சே."

"அப்டியே கோலமும் போட்டிருக்கலாமே!"

மருமவ தரையில டயரு கிழிச்ச கோட்டக் காட்டுனா. "அதான் நீயே போட்டுட்டியேய்யா"ன்னா.

"நவுருங்க, இன்னொரு தடவ"ன்னான். உச்சி வெயிலு வரைக்கும் சுத்துனான்.

போன வாரம் கள்ளக்குறிச்சிக்குப் போயி கண்ணு காட்ட வேண்டியிருந்துது. பஸ்ஸுக்குக் கெளம்பி நின்னேன். என் புள்ள அவன் மச்சான் வூட்டுக் கார எடுத்துக்கினு வந்து என் முன்னாடி நிறுத்துனான்.

"ஏறும்மா."

நான் ஓயாம பேசுறவ. அன்னிக்கி ஆஸ்பத்திரி வர வரைக்கும் வாயே தொறக்கல, அவன் கையையே பாத்துக்கினு போனேன். சொன்னா என் மருமவ நம்ப மாட்டேங்கறா.