வக்கீல் கேட்காத பெயர்

திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கும்போது, விடுமுறையில் வேலை பழகலாமென்று நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன்.

"உனக்க மாமன் யாருடே?" என்றார்.

எங்கள் மருமக்கள்வழியில் சொத்தெல்லாம் சகோதரியின் பிள்ளைகளுக்கு. அப்பன் யாரென்று எவன் கேட்பான்? தாய்மாமன் பெயரைச் சொன்னதும் வக்கீலின் முகம் மலர்ந்தது.

"கொள்ளாம். நாளைக்கே கோர்ட்டுக்கு வா. புதுப் பிராது ஒண்ணு குடுக்கணும். ஒருத்தன் குடும்பச் சொத்தையெல்லாம் பெண்டாட்டி பிள்ளையளுக்குச் செலவழிச்சிட்டான். அவனுக்க சகோதரி பிள்ளைய, மருமக்கமாரு, வந்து அழுதாவ. அவனை வீட்டைவிட்டு இறக்கணும்."

யாரென்று கேட்டேன். என் அப்பாவின் பெயரைச் சொன்னார். அப்பா தைத்துக் கொடுத்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"நாளைக்கு வருவியாடே?"

"வருவேன் ஐயா. எங்க அப்பாக்க கூட வருவேன்."