மாங்குளத்தில் நான் சொன்ன ஏழாவது பதில்

போன செவ்வாய்க்கிழமை தண்ணீர்ப் பம்புக்கு ஒரு சாமான் வாங்க வவுனியா போக வேண்டியிருந்தது. விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் கிளிநொச்சி, அங்கே காலை 9.10 ரயில். மூன்றாம் வகுப்பு 200 ரூபா, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். ரயிலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஓடுகிற சத்தத்தை வைத்தே எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு மட்டும் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது.

9.50க்கு மாங்குளத்தில் எங்களைப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்திவிட்டார்கள். எதிரே வரும் கடுகதி ரயில் போனபின்தான் நாங்களாம். இறங்கி மேடையின் கடைசிக்கு நடந்தேன். பிரதான தண்டவாளத்தில் ஏழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கதைத்தது தமிழ்தான், ஆனால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"தலையணை காணாது. நடையர் போனாப்பிறகு ரெண்டு கூடை போடுங்கோ" என்றார் அந்த ஏழு பேரையும் வேலை வாங்கிய கங்காணியார்.

"ஆர் தம்பி நடையர்?" என்று அவரைக் கேட்டேன்.

"சாமான் ரயில் ஐயா. கடுகதி எண்டால் பெரியவர். தண்டவாளத்துக்குக் கீழ போடுற கல்லுத்தான் தலையணை."

"அது தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்."

நிலையத்தில் மணி அடித்தது. கங்காணியார் சாமான்களை ஒதுக்கிக்கொண்டே, "பெரியவர் வாறார்!" என்று கத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராக அதையே திருப்பிச் சொல்லி விலகினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் கங்காணியார் ஒரு விரல் மடித்தார். தள்ளி ஒருவர் மட்டும் குனிந்து சுத்தியலால் இரும்பை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கோ புதிதாகப் படித்த பாஷை வாய்க்குள் நிற்கவில்லை. "பெரியவர் வாறார்!" என்று நானும் ஒரு போடு போட்டேன். கொக்கிளாய்க் கடலில் நின்ற வள்ளங்களுக்கே கேட்டிருக்கும். கங்காணியார் ஏழாவது விரலையும் மடித்துவிட்டு, மண்வெட்டியை எடுக்கக் குனிந்தார்.

ஹோர்ன் கேட்டது. குனிந்தவர் நிமிரவில்லை. எல்லாரும் விலகினபின் இவர் மட்டும் ஏன் நிற்கிறார் என்று குழம்பிப்போய் நின்றேன்.

"டேய் சேகர்!" கங்காணியார் கத்திக்கொண்டு ஓடினார். சேகர் நிமிர்ந்தார், பார்த்தார், புல்லுக்குள் பாய்ந்தார். கடுகதி போயிற்று. எத்தனை பெட்டி என்று நான் எண்ணவில்லை.

"ஏழு பேர், ஏழு பதில். எண்ணினனான்." கங்காணியாருக்கு மூச்சு வாங்கியது. "பதில் வந்தால் ஆள் விலகிட்டான் எண்டு அர்த்தம். ஏழாவது ஆர் சொன்னது?"

நான் கையைத் தூக்கினேன்.

சேகர் சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "ஐயாவுக்கு நல்ல குரல். ஆனா என்ர பதிலை நான்தானே சொல்லவேணும்?"

10.25க்குப் புறப்பட்டோம், 11.30க்கு வவுனியா. போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள். மாங்குளத்தில் அரை மணி நேரம் நிற்கலாம். இறங்கினால் கேளுங்கள், பாருங்கள். கூப்பிட்டால் பதில் மட்டும் சொல்லாதீர்கள்.

எங்கள் ரயில் அசைந்தபோது கங்காணியார் என்னவோ கத்தினார். எங்கள் ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயராக இருக்கவேண்டும். அது என்னவென்று இன்றுவரை தெரியாது. ஜன்னலில் வாயைப் பொத்திக்கொண்டு பதில்களை எண்ணினேன். ஆறு வந்தது. பிறகு தூரத்திலிருந்து, கொஞ்சம் பிந்தி, சேகரின் குரல்.