ரெண்டு சொட்டுத் தண்ணி, அப்புறம் நீங்க

ஒரு பெரிய ஹாலில் எல்லா ஃபேனையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒரு அமைதி வருமே... அதைக் கேட்டால் இன்றைக்கும் நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

பாளையங்கோட்டை. சித்திரை மாதம். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த ஹால். ஃபேன் ஓடினால் வாசிப்பவர்களின் தாள் பறக்கிறது, துணி கிளிப் போட்டும் நிற்கவில்லை. அதனால் நிறுத்தச் சொன்னது நான்தான். அத்தனை பேர் சாபமும் எனக்கே வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு இருபத்தி நாலு வயது. துரைராஜ் சாரிடம் வேலை. அவர் இசையமைத்ததைப் பதினெட்டு வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் எழுதி, பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாசிக்காமல் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் இருக்கும். பன்னிரண்டு என்று இருந்தால் பன்னிரண்டு பார் எண்ண வேண்டும். ஒரு பாருக்கு நாலு தட்டு. அந்த எண் தப்பானால் ஆள் அம்போ.

இதில் பத்தொன்பதாவதாக ஒரு ஆளும் உண்டு... லேப்டாப். தாமிரபரணி மலையில் தொடங்கிக் கடலுக்குப் போவதுதான் அந்த இசை. அருவி, கங்கைகொண்டான் ஆலை மிஷின், புன்னக்காயல் படகு என்று சார் பதிவு செய்து, உருமாற்றி வைத்த சத்தங்கள் நடுநடுவே வரும். (ஆறு கங்கைகொண்டான் பக்கம் போகாதே சார் என்று கேட்டால் முறைப்பார்.) மனுஷர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் காத்திருப்பார். லேப்டாப் காத்திருக்காது.

செல்லோ, அதாவது முன்னால் நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின், எங்களில் வாசித்த ஒரே ஆள் எஸ்தர் அக்கா. பள்ளிக்கூட டீச்சர். அதற்கு முந்தின கிறிஸ்துமஸில், சர்ச்சில், எண்ணிக்கை தவறி ரெண்டு பார் முன்னாடியே தனியாக வாசித்துவிட்டார். பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். அது அக்காவுக்கு முள்ளாகவே நின்றுவிட்டது. இந்த இசையிலோ மிஷின் சத்தம் முடிந்ததும் செல்லோ தனியாக வர வேண்டும். ஒத்திகையின் முதல் நாளே என்னிடம் வந்தார்.

"எண்ணிக்கைய மட்டும் சரியாப் போட்டுத் தந்துரு ட்டி. மத்தத நான் பாத்துக்கிடுதேன். இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா செல்லோவ உள்ள வச்சுப் பெட்டியப் பூட்டிருவேன்."

நிகழ்ச்சி அன்று மதியம் சார் வந்து, மிஷின் சத்தம் ரொம்ப நீளம், நாலு பார் வெட்டிவிட்டேன் என்றார். சாப்பாட்டுக்கு உப்பு குறைத்த மாதிரி சொன்னார். பன்னிரண்டு எட்டாக வேண்டும். பதினெட்டுத் துண்டுத்தாள் அடித்து, பழையதன் மேல் பசை தடவி ஒட்டினேன். அதற்குள் கரண்ட் போய், நிகழ்ச்சி நேரத்துக்குத்தான் வந்தது. திருத்தியதை ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்க முடியவில்லை. தாளில் உள்ளபடி வாசியுங்கள், போதும் என்று சார் சொல்லிவிட்டார்.

நிகழ்ச்சி தொடங்கி ஏழாவது நிமிஷம். லேப்டாப்பை இயக்கும் மேலப்பாளையத்துக் காதர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோர் பகுதியும் சேர்ந்த முழு ஸ்கோரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைத் திருப்பினேன்... நடுவில் ஒரு துண்டுத்தாள்.

செல்லோவுக்கானது.

மறந்தது எப்படி என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அக்கா பயப்படுகிறாரே என்று அந்தத் துண்டை மட்டும் தனியாக எடுத்து வைத்து, எட்டு என்ற எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி எழுதினேன். எழுதிய கையோடு ஒட்ட மறந்துவிட்டேன். பதினேழு பேருக்கும் சரி. யாருக்காக அத்தனை கவனமோ, அவர் தாளில் மட்டும் பன்னிரண்டு.

காதரிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"நிறுத்துனா அம்புட்டு பேரும் தடுமாறிருவாவக்கா."

முன்னால் நின்று நடத்தும் சார் கை காட்டிவிட மாட்டாரா என்று பார்த்தால், அந்த இடத்தில் அவர் வயலின்கள் பக்கம் திரும்பியிருப்பார். அக்கா வாசித்துக்கொண்டிருக்கும்போது போகவும் முடியாது. மிஷின் சத்தம் ஆரம்பித்து, அவர் வில்லை இறக்கியதும் எழுந்தேன். தட்டுக்கு ஒரு வினாடி, எட்டு பார் என்பது முப்பத்திரண்டு வினாடி.

மேடையில் பாதி தூரம் போனபிறகுதான் கையில் பசை இல்லை என்று உறைத்தது. அக்கா பொட்டு வைப்பதில்லை. நான் வைப்பேன். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, துண்டை அந்த எண்ணின் மேல் வைத்துப் பொட்டால் ஒட்டினேன். எட்டுதான்க்கா என்று மட்டும் முணுமுணுத்தேன். அக்கா என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். அப்படியே அவர் நாற்காலிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். திரும்பி நடக்க நேரம் இல்லை.

மிஷின் சட்டென்று நின்றது. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை.

லேப்டாப்பிலிருந்து ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

செல்லோ வந்தது. அச்சு அசலாக அந்த இடத்தில்.

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஏறி வாறதப் பாத்ததுமே எண்ணிக்கை போச்சு ட்டி. எட்டா பன்னெண்டா, ஒரு எழவும் தெரியல. நீ எழுதியிருந்தத மட்டுந்தான் பாத்தேன்."

நான் எழுதியிருந்தது இதுதான்: ரெண்டு சொட்டுத் தண்ணி, அப்புறம் நீங்க.

மூன்றாவது வரிசையில் இருந்த அம்மா, மேடையில் வைத்துப் பொட்டைப் பிய்த்ததற்காக ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு அண்ணாச்சி அதுவும் நிகழ்ச்சியில் ஒரு கட்டம் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

அதே இசையை இந்த வருஷம் திரும்ப வாசிக்கிறார்கள். நான் இப்போது சென்னையில். தாளும் இல்லை, கிளிப்பும் இல்லை, எல்லோரிடமும் டேப்லெட். இங்கே ஒரு எண்ணைத் திருத்தி ஒரு தட்டு தட்டினால் பதினெட்டுப் பேருக்கும் போய்விடுகிறது. ஒருத்தருக்கும் விட்டுப்போகாது. ஃபேனும் தாராளமாக ஓடலாம்.

நேற்று எஸ்தர் அக்கா போன் செய்தார். ரிட்டயர் ஆகிவிட்டார், பெட்டியைப் பூட்டவில்லை. டேப்லெட்டுக்கு எல்லாம் வந்து சேர்ந்ததா, எண்ணிக்கை சரியா என்று கேட்டேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த ரெண்டு சொட்டத்தான் காணோம் ட்டி."

இதோ எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, மேஜையிலும் கைப்பையிலும் தேடினேன். வீட்டில் ஒரு பென்சில்கூட இல்லை.