உப்பளத்திலிருந்து வந்த தகவல்

சத்தியமாக நடந்தது இது. பேய் உலவும் நேரமும் இல்லை, பட்டப்பகல். நம்பாதவர்கள் தூத்துக்குடியில் ஜீவமணியைக் கண்டு கேட்டுக்கொள்ளலாம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிடுவாள்.

துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் லாரி கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஒவ்வொரு லாரியிலும் ஒரு ரேடியோ பெட்டி. தான் நிற்கும் இடத்தை அது சொல்லிக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்து லாரிகளின் பெட்டிகள் அதைக் கேட்டுச் சாட்சி சொல்லும். வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டே, துறைமுக வரிசையில் நிற்பதாகப் பெட்டியைப் பொய் சொல்லவைத்த டிரைவர்கள் உண்டு. அந்தப் பொய்யைப் பிடிப்பதுதான் ஜீவமணியின் வேலை. அதில் கெட்டிக்காரி.

அன்று மதியம் 2.12. டிரைவர் பிச்சையாவின் லாரி உப்பளத்தில் நிற்பதாகத் தகவல் வந்தது. சாலையில் இல்லை, பாத்திக்குள்! சாட்சிக்கு ஒரு லாரியும் இல்லை.

போன் செய்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை.

'பிச்சையா அண்ணாச்சியுமா இப்படி...' மனம் நொந்து, 'பொய்' என்று குறித்தாள்.

2.41. அதே லாரி, துறைமுக வாசல் வரிசையில். முன்னும் பின்னும் நின்ற மூன்று லாரிகள் சாட்சி சொல்லின. உண்மைதான்.

நிம்மதியாகத் துறைமுக வாசல் கேமராவைப் பார்த்தாள்.

வரிசையில் அந்த இடம் மட்டும்... காலி.

பின்னால் நின்ற டிரைவர் அருணாசலவடிவைப் போனில் பிடித்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு முன்னால யாரு நிக்கா?"

"ஒருத்தரும் இல்ல தாயி. எடம் சும்மாதான் கெடக்கு. ஆனா..."

"ஆனா?"

"இஞ்சின் சத்தம் கேக்கு. ரொம்பப் பக்கத்துல..."

அவளுக்கும் கேட்டது. தட்... தட்... தட்...

நின்றது.

லாரிகளின் இடம் காட்டும் திரையிலிருந்தும் அந்த லாரி மறைந்தது.

நாலரை மணிக்கு உப்பளத்து ஆட்கள் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். டயர் வெடித்துப் பாத்திக்குள் கவிழ்ந்து கிடந்தது லாரி. உள்ளே பிச்சையா. கைக்கு எட்டாத தூரத்தில் அவருடைய போன்.

பெட்டியைக் கழற்றிய மெக்கானிக், "கவுந்ததுமே ஒயரு அத்துட்டு. 2.12க்குப் பொறவு இது எதையும் அனுப்பியிருக்க முடியாது" என்றார்.

மூன்று லாரிகள் எதைக் கேட்டன? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

துக்கம் கேட்கப் போன துட்டி வீட்டில் பிச்சையாவின் மகள் பேச்சிச்செல்வி, ஜீவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா எங்கன கெடந்தாருன்னு ஒங்க ஆபீசுல தெரியலையாக்கா?"



பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னது ஜீவமணியின் காதுக்கு வந்தது மறுநாள்தான்.

பிச்சையாவின் உயிர் உடனே போய்விடவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்திருக்கிறது.