முகப்பு விளக்கும் முப்பது ஆம்பியரும்

முகப்பு விளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை. காரணத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்லும் காரணம், "பல்பு போயிட்டு." எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. என் கடையில் பல்பைக் கடைசியில்தான் தொடுவது.

வண்ணார்பேட்டையில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என் கடை. பகலில் எரியாத விளக்கை யாரும் கவனிப்பதில்லை என்பதால் நானும் பொழுது சாயும்போதுதான் கதவைத் திறக்கிறேன். இந்தத் தொழிலை எங்கும் படிக்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தவன், ஒயர் போகிற வழியிலேயே போய்ப் போய் இங்கே வந்து சேர்ந்தேன். தூக்கம் வராத ஆளுக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை. ஒற்றை விளக்கோடு ஓட்டிப்போய், எதிரே வருகிறவன் உங்களை பைக் என்று நினைத்து நடுரோட்டுக்கு வந்து, உயிர் தொண்டைக்கு ஏறி இறங்கிய அனுபவம் உண்டா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் ஒரு வெள்ளை வாடகைக் கார் என் கடையைத் தாண்டிப் போகும். ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கமான அண்ணாச்சி. ஒரு காலத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். ஒரு வருஷமாக அடிப்பதில்லை. அந்த வண்டி திரும்ப என் கடை வாசலில் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை.

மூன்று பல்புகள்

பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் வந்தார். பழைய கார், ஆனால் புத்தகத்துக்கு அட்டை போட்டதுபோல அவ்வளவு சுத்தம். இடது விளக்கு மட்டும் மங்கல், சில நாள் அந்த மங்கலும் இல்லை. "தம்பி, மூணு பல்பு போயிட்டு, இது நாலாவது. எல்லாம் போலி. இப்பம்லாம் எதுலயும் நேர்மை கிடையாது" என்றார். கழற்றிய மூன்றையும் சாட்சிக்குக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

நான் பல்பைத் தொடவில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு ஒயரை இழுத்து விளக்கின் எர்த் முனையில் வைத்தேன். எதிர்ச்சுவர் பளிச்சென்று வெளுத்தது. எர்த் ஒயரை வண்டியின் தகரத்தோடு பிடித்திருந்த திருகாணி துருவேறிக் கிடந்தது. மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. துருவைத் தேய்த்து முறுக்கிவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து அந்த மூன்று பல்பையும் பேட்டரியில் ஒவ்வொன்றாக எரித்துக் காட்டினேன். மூன்றும் எரிந்தன. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மூணு பிள்ளையள அநியாயமா ஃபெயில் போட்டுட்டேனே."

பந்தி

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எனக்கு வேலை கூடும். ஏனென்று பல நாள் எனக்கே புரியவில்லை. ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி ஒருவர் மனைவியோடு வந்தார். இரண்டு விளக்கும் ஒரேயடியாக அவுட். கண்திருஷ்டி என்று முடிவுகட்டி, வருகிற வழியிலேயே புது எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார்.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரி ஓரத்தில் பொரி, கடலை, ஒரு துண்டுக் கரும்பு. பக்கத்திலேயே பஞ்சும் காகிதமும் சேர்த்து எலி குடித்தனம் வைத்திருந்தது. பொரி தீர்ந்ததும் விளக்குக்குப் போகிற ஒயரைச் சாப்பிட்டிருக்கிறது. "வண்டிக்கும் படைக்கணும்லா வே?" என்று வியாபாரி என்னையே கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் பின் சீட்டிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "முன்னால வச்சுக் கும்பிட்டா போதும்னு அன்னைக்கே சொன்னேன். உள்ள எலை போட்டுப் பந்தி வச்சது இவுகதான்."

முப்பது ஆம்பியர்

இனி என் தப்பு. போன ஐப்பசியில் நல்ல மழை. அண்ணாச்சி வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளுடைய அம்மா. இரண்டு விளக்கும் எரியவில்லை. பியூஸ் போயிருந்தது. மாற்றினேன், போயிற்று. இன்னொன்று போட்டேன், அதுவும் போயிற்று. எங்கேயோ ஒயர் தகரத்தில் உரசுகிறது என்று எனக்குத் தெரியும். "சீக்கிரம் பாரும் வே, பிள்ளைக்கு நோவு எடுத்துட்டு" என்றார் அண்ணாச்சி. பத்து ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், லேசில் போகாத முப்பதைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வழியில், வயல்காட்டுக்கு நடுவே, பியூஸுக்குப் பதிலாக ஒயர் எரிந்தது. புகை. மழையில் அந்தப் பெண்ணை இறக்கி, பின்னால் வந்த வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் அண்ணாச்சி நடந்து வந்தார். சத்தம் போடவில்லை. கருகாமல் முழுசாக இருந்த அந்த பியூஸை என் மேஜைமேல் வைத்தார். "சாக வேண்டியது இதுதாம்லா வே. இதக் காப்பாத்த எங்கள அனுப்பிட்டீரு."

மாதாவுக்குப் போட்ட விளக்கு

அந்த பியூஸ் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. இரண்டு தடவை பியூஸ் போனால், காரணம் கிடைக்காமல் மூன்றாவது போடுவதில்லை என்று ஆகிவிட்டது. இந்த வருஷம் புன்னக்காயலிலிருந்து மீன் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. இரண்டு பியூஸ் போயிற்று. டிரைவருக்கு விவரம் தெரிந்திருந்தது. "தடிச்ச பியூஸா ஒண்ணு போடுங்கண்ணே. ஐஸு உருகுது."

"முடியாது" என்றேன். "அப்ப மீனுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று கத்தினான். "மீன் நாறினா வண்டியக் கழுவிடலாம்லே, வண்டியே எரிஞ்சா என்ன செய்வே? பேசாம இந்த லைட்டப் பிடி" என்று டார்ச்சைக் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். எதிர் டீக்கடையில் வெள்ளை வண்டி நின்றது. அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறியிருக்கும்.

முக்கால் மணிநேரத்தில் கிடைத்தது. முகப்பு விளக்கின் ஒயரை நடுவில் சீவி, வேறொரு ஒயரை முறுக்கியிருந்தார்கள். அதன் மறுமுனை வெறுமனே தொங்கி, வண்டி குலுங்கும்போதெல்லாம் தகரத்தில் இடித்தது. பழைய சீரியல் செட்காரனுக்கு அந்த முறுக்கு தெரியாதா? "எந்தத் திருவிழாவுக்குலே வண்டியச் சோடிச்சிய?" என்றேன். அவன் சத்தம் இறங்கிவிட்டது. "மாதா சப்பர ஊர்வலத்துக்கு. முடிஞ்ச பெறவு வெட்ட மனசு வரல்லண்ணே."

பைய

மறுநாள் நான் கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளை வண்டி வந்து வாசலில் நின்றது. அண்ணாச்சி இறங்கி, மேஜைமேல் கிடந்த பியூஸை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். "வலது பக்கம் எரியல" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பேட்டரியிலிருந்து தொடங்கினேன். பியூஸ் சரி. ரிலே சரி. ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன், சரி. எர்த்தைத் தேய்த்தேன். ஒயரை விரலால் தடவித் தடவி முன்னால் போனேன். நடுவில் அவருடைய போன் அடித்தது. ஜங்ஷனில் சவாரி காத்திருக்கிறது என்று யாரோ அவசரப்படுத்துவது எனக்கும் கேட்டது. வேகமாக நிமிர்ந்தேன். அண்ணாச்சி போனை அணைத்து மேல்பைக்குள் போட்டார். பஞ்சர் கடை ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "பைய பாரும் வே. அவன் வேற வண்டி பிடிச்சுப் போவான்."

பல்பைக் கடைசியில்தான் தொடுவது என்று ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவன், ஒன்றேகால் மணிநேரம் அந்த வண்டியை நரம்பு நரம்பாகத் தடவிய பிறகு தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன்: அன்றைக்குப் போயிருந்தது பல்புதான்.